மலை ரயிலின் கடைசிப் பெட்டி

இராயக்கோட்டை
2-10-1956

என் கண்ணு காவேரிக்கு, அம்மா ஜோதியம்மாள் மனசு நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் தங்கை பூவம்மாள் சுகம், இரண்டு பசுவும் கன்றும் சுகம், உன் அப்பாவும் வலது கண் நீங்கலாக சுகம். அங்கே ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேரன் முனிவேலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே, ரயில் கரி விழுந்துவிட்டது. அப்பாவுக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் கொள்ளு வேகிறது, அது வேகிற வரைக்கும் எழுதுவேன், வெந்த பிறகும் எழுதுவேன்.

முதலில் உன் கடிதத்துக்குப் பதில். பூவம்மாளுக்கு பேரிகையில் பார்த்த இடம் முடிவாகிவிட்டது, தை மாதத்தில் கல்யாணம், பையன் அடக்கமானவன், சாப்பிடும்போது மட்டும் பேசுகிறான். நீ கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். என் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் நின்றார், தங்கச்சிக்கும் அப்படி ஒருவர் நிற்பதைப் பார்க்க ரயிலேறி வரமுடியாது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினபோது அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு, அங்கே மழை அதிகம் என்று நானே சேர்த்துப் படித்தேன். ஆனால் எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. உன் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வந்த பாலக்கோட்டு ஆஞ்சப்பன் நமக்கு எந்த வழியில் சொந்தம் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. அவர் உன் முகத்தைப் பார்க்காமல் பந்தி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நடந்தார். சொந்தத் தாய்மாமன் தீர்த்தகிரி, என் கூடப்பிறந்த அண்ணன், கெலமங்கலத்தில் கல்லுப்போல இருக்க, இப்படி ஆயிற்று. நீ அதற்கப்புறம் ஐந்து வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை, பிரசவத்துக்குக்கூட வரவில்லை. நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் ஏது. இப்போது பேரிகைக்காரர்களும் பெரியவளுக்கு மாமன் நிற்கவில்லையாமே, சின்னவளுக்கு யார் நிற்பார் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். சிரித்துக்கொண்டு கேட்பவர்கள் பதில் வாங்காமல் விடமாட்டார்கள்.

சண்டை எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அப்போது நீ சின்னப் பெண். அன்றைக்கு நம் ஊரில் சின்ன ரயில் ஓடியது நினைவிருக்கும், மாமா தோளில் உட்கார்ந்து அதற்குக் கையாட்டுவாய். அப்பாவும் மாமாவும் வாராவாரம் புளி மூட்டையோடு அதில் ஏறி மொரப்பூர் போய் வருவார்கள். இருவருக்கும் ஒரு கைதான், ஒரு வாய்தான், ஒருவர் பீடி பற்றவைத்தால் மற்றவர் புகைவிடுவார். மாமாதான், மச்சான், ஸ்டேஷன் பக்கத்து நிலம் இனிமேல் தங்கம், வாங்கிப் போடு, கிடங்கு கட்டலாம் என்று சொன்னார். அப்பா வாங்கினார். அடுத்த வருஷமே ரயிலை நிறுத்தி, போருக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தங்கத்தில் கொள்ளு விதைத்தோம். இப்போது ஸ்டேஷன் கட்டிடத்தில் ஆடு கட்டுகிறார்கள். மாமாவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பழக்கம், ரயில் போகப்போவது தெரிந்தேதான் என்னை மாட்டிவிட்டான் என்றார் அப்பா. தெரிந்திருந்தால் நான் ஏன் அதே இடத்தில் எனக்கும் ஒரு துண்டு வாங்கினேன் என்றார் மாமா. என்னை நம்பவைக்கத்தான் வாங்கினாய் என்றார் அப்பா. இதற்கு மேல் யார் என்ன பேச முடியும். அன்றோடு அந்த வீட்டுத் தண்ணீர் தொடமாட்டேன், கெலமங்கலத்து எல்லை மிதிக்கமாட்டேன், ரயிலும் ஏறமாட்டேன், ரயில்காரன் எவனோடும் சேரமாட்டேன் என்று அப்பா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சேர்த்துச் சபதம் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வேலை செய்யும் ஆலையில் தண்டவாளம் வார்க்கிறார்கள் என்பதை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. ஏர்க்கொழு செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. நான் பிறந்த வீடு பஸ்ஸில் ஏறினால் களி ஆறுவதற்குள் போய்விடலாம், போனதில்லை. மாமாவின் சம்சாரம், உன் அத்தை சரோஜம்மாளும் நானும் சந்தையில் ஒரே கூடைக்காரியிடம் குனிந்து தக்காளி பொறுக்குவோம். அண்ணி கூடைக்காரியிடம், எங்க வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, புளிப்பு ஆகாது என்பாள். நான் கூடைக்காரியிடம், காவேரிக்கு ஆண் குழந்தை என்பேன். கூடைக்காரிக்கு நம் இரண்டு வீட்டு விஷயமும் அத்துப்படி, தக்காளி விலை மட்டும்தான் நாங்கள் அவளிடம் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புளி மண்டி பஷீர் அஹமது பாய் போன வருஷம் இராயக்கோட்டை உல்லாசப் பிரயாண சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது அழைத்துப் போவார்கள். பாய் கழுத்தில் ஒரு விசில், சட்டையில் மஞ்சள் நாடா. வழியில் ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். மாமா சங்கத்தில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டதும் அப்பா சேர்ந்தார், அவன் மட்டும் ஊர் பார்ப்பதா என்று. அப்பா சேர்ந்தது தெரிந்தும் மாமா விலகவில்லை, அவனுக்குப் பயந்து விலகுவதா என்று. பாய் பாவம், இரண்டு பேரையும் தனித்தனியாக அழைத்து, பஸ்ஸில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று வாக்குக் கொடுத்தார். ஊட்டிப் பயணம் என்று மட்டும் சொன்னார்கள். அப்பா பஸ்தான் மலையேறும் என்று நினைத்துக்கொண்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் என்று எனக்குத் தெரியும், பாயின் சம்சாரம் ஃபகருன்னிசா சொல்லியிருந்தாள். அப்பா என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டுச்சோற்று மூட்டையில் களி, கடலைத் துவையலோடு இன்னொரு சாமானும் எடுத்து வைத்துக்கொண்டேன், அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

ஆவணி கடைசியில், களையெடுத்து முடிந்த கையோடு புறப்பட்டோம். பூவம்மாள் மாட்டுக்குத் துணையாக வீட்டில் இருந்தாள். அப்பா டிரைவருக்குப் பக்கத்தில், மாமா கடைசி சீட்டில், நடுவில் சங்கத்துக்காரர்கள் எல்லோரும். தொப்பூர் கணவாயில் பஸ் கொதித்துப்போய் நின்றது. அப்பா பெரிய மனசாக நம் கூஜாவைத் திறந்து தண்ணீர் முழுவதையும் பஸ்ஸுக்கு ஊற்றினார். மாமா பார்க்கிறார் என்பதற்காக ஊற்றினார் என்று நினைக்கிறேன், நாலு சொட்டு போதும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று மேட்டுப்பாளையத்துச் சத்திரத்தில் தங்கினோம். காலையில் பஸ் எங்களை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி நின்றது. அப்பா ஸ்டேஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். நான் ரயில் ஏறமாட்டேன் என்றார். பாய், அப்படியானால் பஸ்ஸிலேயே இருங்கள், தீர்த்தகிரி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்வார் என்றார். பாய் வேண்டுமென்று சொன்னாரோ வெகுளியாகச் சொன்னாரோ தெரியாது. அப்பா பாய்க்கு முன்னால் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். கூஜாவில் தண்ணீர் பிடியுங்கள் என்றேன். ரயில்காரன் குழாயில் நான் பிடிக்கமாட்டேன் என்றார். ஏறினாலும் சபதத்தில் பாதியையாவது காப்பாற்ற வேண்டாமா.

பிளாட்பாரத்தில் நீலப் பெட்டிகள் மட்டும் நின்றன, இஞ்சின் இன்னும் வரவில்லை. நம் சின்ன ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இஞ்சின் முன்னால் இருக்கும், கரியெல்லாம் முதல் பெட்டிகளில்தான் கொட்டும், ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கடைசிப் பெட்டிக்கு ஓடுவார்கள். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் அன்று அந்தப் பிளாட்பாரத்தில் இரண்டே பேர். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைக்கு எதிர்ப்பக்கம் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். கடைசிப் பெட்டியின் கடைசி அறையில், இந்தப் பக்கத்துக் கதவு வழியாக நாங்கள் ஏறினோம், அந்தப் பக்கத்துக் கதவு வழியாக உன் அத்தையை இழுத்துக்கொண்டு மாமா ஏறினார். எதிரெதிரே இரண்டு பலகை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். இவர்கள் ஓடியதைப் பார்த்து ஏதோ விஷயம் இருக்கிறது என்று நாலைந்து பேர் பின்னாலேயே ஏறிக்கொண்டார்கள். அப்போதுதான் இஞ்சின் வந்தது. வந்து, முன்னால் போகாமல், எங்கள் பெட்டிக்கு முதுகுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. மலை ரயிலில் இஞ்சின் இழுக்காதாம், பின்னாலிருந்து தள்ளுமாம். எங்கள் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதன் விசில் என் காதுக்குள்ளேயே ஊதியது. கூட ஏறின நாலைந்து பேரும் மூட்டையோடு குதித்து முன் பெட்டிகளுக்கு ஓடிவிட்டார்கள். அப்பாவும் மாமாவும் அசையவில்லை. முதலில் இறங்குகிறவன் தோற்றவன், அவ்வளவுதான். அந்தப் பெட்டிகளில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக உள்வழியும் கிடையாது. கார்டு வந்து வெளியிலிருந்து கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நாங்கள் நாலு பேர், பின்னால் இஞ்சின்.

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு. அப்புறம் நடுத்தண்டவாளத்தில் பல் சக்கரம் மாட்டிக்கொண்டு ரயில் கடகடவென்று ஏற ஆரம்பித்தது, நம் எருமை கரையேறுகிற வேகம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாதாளம், நடுவில் மேகம். அழகுதான் கண்ணு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் நான் பார்த்தது கொஞ்சம், எதிரெதிரே இரண்டு பேர் ஒருவர் முழங்காலில் ஒருவர் படாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஷீர் பாய் முதல் பெட்டியில் நின்று வாசிப்பது எங்களுக்குக் கேட்காது, ஆகவே ரயில் நிற்கும்போதெல்லாம் கடைசிவரை நடந்து வந்து, இப்போது இடது பக்கம் ஒரு அருவி போயிற்று பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். முதல் குகைக்குள் நுழைந்ததும் புகை முழுக்க எங்கள் அறைக்குள் வந்து தங்கிவிட்டது. வெளியே வந்தபோது அப்பா வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றினேன், போகவில்லை. கசக்காதீர்கள் என்றேன், கசக்கினார். கண் சிவந்து தண்ணீர் கொட்டுகிறது, அதுவும் தேள் கொட்டினால்கூட சத்தம் போடாத மனுஷர் முனக ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. நம் கூஜா காலி. உன் அத்தை தன் கூஜாவைத் தரையிலேயே என் பக்கம் தள்ளினாள். அப்பா ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, அந்த வூட்டுத் தண்ணி எனக்கு வாணாம் என்றார் என்னிடம். மாமா ஜன்னலைப் பார்த்து, இது வூட்டுத் தண்ணி இல்ல, மேட்டுப்பாளையம் ஸ்டேசன் கொழாயில புடிச்சது, ரயில்காரன் தண்ணி என்றார். ரயில்காரன் தண்ணின்னா மொதல்லயே வாணாம்னு சொல்லு என்றார் அப்பா. ஆக, உலகத்தில் அவர் தொடக்கூடிய தண்ணீர் அந்த அறையில் இல்லை. அடுத்த ஸ்டேஷன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் எழுந்தார். ஒரு கையால் அப்பாவின் தலையைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, இரண்டு விரலால் இமையை விரித்து, கையில் தண்ணீரை ஏந்தி ஊற்றி, துண்டு முனையை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சின்ன ரயிலில் வாராவாரம் ஒருவருக்கு ஒருவர் மாறி மாறிச் செய்த வேலை அது, கை மறக்கவில்லை. அப்பா கையைத் தட்டிவிடவில்லை. மெதுவா மச்சான் என்றார்.

பதினைந்து வருஷத்தில் முதல் வார்த்தை. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். மாமா துண்டைப் பிழிந்துகொண்டே, இஞ்சினு பின்னாடி வரும்னு எவன் கண்டான் என்றார். நம்ம ரயில்ல முன்னாடிதான இருந்துச்சு என்றார் அப்பா. ஆமா, நம்ம ரயில்ல முன்னாடிதான் என்றார் மாமா. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்குள் அப்பா, இருந்த ரயிலு போவப்போவுதுன்னு ஒனக்குத்தான் முன்னமே தெரியுமே என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன் எந்த வாக்கியத்தில் விட்டார்களோ அதே வாக்கியத்தில் தொடங்கினார்கள். மாமாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும், அப்பாவுக்குத் தெலுங்கு வரும், உனக்குத் தெரியும். அருவி ஒன்று ஜன்னல் வழியாகத் தெறித்து நாலு பேர் மேலும் விழுந்தது, அதற்கும் நிறுத்தவில்லை. மாஸ்டர் சொன்னாரா இல்லையா, நீ ஏன் துண்டு நிலம் வாங்கினாய், நம்பவைக்கத்தானே, இதேதான் திரும்பத் திரும்ப. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். வெள்ளைக்காரன் சண்டைக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தப் பேத்தான், ஒங்க சண்டைக்கு எதுக்கு எம் பொறந்த வூட்டு வாசப்படியப் பேத்தீங்க, எம் பொண்ணு அஞ்சு வருசமா வூடு திரும்பல, பேரன் மொகத்த நா இன்னும் பாக்கல, அந்தக் கொள்ளுக் காட்ட ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா தின்னுங்க என்றேன். கத்தித்தான் சொன்னேன். இஞ்சின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மூட்டையை அவிழ்த்து, களிக்கு அடியில் வைத்திருந்த பித்தளைத் தட்டை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய். தாய்மாமனைக் கல்யாணத்துக்குக் கடுதாசி போட்டு அழைக்க முடியாது, பெற்றவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்பா கெலமங்கலம் போகமாட்டார், மாமா தன் வாசலில் வந்து அழைத்தால்தான் வாங்குவார், ஆகவே எப்படியும் ஆகாது என்று எல்லோரும் விட்ட விஷயம். இத எப்ப எடுத்து வெச்ச என்றார் அப்பா. களி கிண்டறப்ப என்றேன். ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துவிட்டுத் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். மாமா கையை நீட்டவில்லை. வாசல் கணக்கைப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறு சொன்னார். காவேரிய வுட்டுட்டு சின்னவளுக்கு மட்டும் வந்து நிக்க என்னால ஆவாது, எந்த மொகத்தோட நிப்பேன் என்றார். அப்போது உன் அத்தை தன் மூட்டையை அவிழ்த்தாள். நான் தட்டை மறைத்து வந்தது போல அவளும் ஒன்றை மறைத்து வந்திருக்கிறாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு, உனக்கு மாமன் சேலை. உன் கல்யாணத் தேதி கேள்விப்பட்டதும் கிருஷ்ணகிரியில் எடுத்ததாம். அப்பா அழைக்க வருவார் வருவார் என்று மாமா கடைசி நாள்வரை பார்த்து, கல்யாணத்தன்று காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்து நின்றாராம். அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று, வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாராம். இதெல்லாம் அண்ணி சொன்னாள், மாமா சொல்லவில்லை, அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு இது தெரியாது காவேரி. அன்று நீ மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய், அந்த நேரத்தில் அவர் கெலமங்கலத்தில் உன் சேலையோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

அப்பா மறுபடியும் கண்ணைக் கசக்கினார். அப்புறம், வந்திருக்கக் கூடாதா, நா என்ன கழுத்தப் புடிச்சா தள்ளியிருப்பேன் என்றார். தள்ளியிருப்ப என்றார் மாமா. அப்பா யோசித்துப் பார்த்தார். ஆமா, தள்ளித்தான் இருப்பேன் என்றார். சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் விரலின் கரி பதிந்துவிட்டது, அண்ணி தட்டிப் பார்த்தாள், போகவில்லை. மாமா எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கவும் ரயில் அடுத்த குகைக்குள் போகவும் சரியாக இருந்தது. இருட்டில் மூக்கை உறிஞ்சியது யார் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். வெளியே வந்தபோது நாலு பேர் முகமும் கரிச்சட்டி, மாமா கையில் தட்டு அப்படியே இருந்தது.

குன்னூரில் பஷீர் பாய் வந்து கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. வலது பக்கம் பள்ளத்தாக்கு பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தோம் என்றார்கள் இருவரும் ஒரே குரலில், ஒருவரும் பார்க்கவில்லை. முன் பெட்டியில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார். இதே நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. ஊட்டியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குளிர். பூங்காவில் எல்லோரும் பூவைப் பார்க்க, இவர்கள் இரண்டு பேரும் குனிந்து என்ன எரு போட்டிருக்கிறார்கள் என்று கிளறிப் பார்த்ததில் தோட்டக்காரர் சத்தம் போட்டார். இருவரும் சேர்ந்து அவரிடம் சண்டைக்குப் போனார்கள். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் கெலமங்கலம் போய் வந்தோம், அப்பாவும்தான். பிறந்த வீட்டுக் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்கள். நான் வாசற்படியில் நின்று அழுதுவிட்டேன், கதவின் நிறத்துக்காக என்று நினைத்துக்கொண்டு மாமா, பிடிக்காவிட்டால் மாற்றிவிடலாம் என்றார். அண்ணி காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள், நானும் அப்படியே குடித்தேன். அப்பாவுக்குக் கண் இன்னும் கொஞ்சம் சிவப்புதான், கிருஷ்ணகிரி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துக் கசக்கக் கூடாது என்றிருக்கிறார், கசக்குகிறார்.

இப்போது உன்னிடம்தான் எல்லாம் நிற்கிறது. மாமா தட்டை வாங்கிக்கொண்டாலும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். அந்தச் சேலையை அவர் கையால் உன் கையில் கொடுத்து, நீ வாங்கின பிறகுதான் பூவம்மாளின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வருவார். நீ வாங்காவிட்டால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். தபாலில் அனுப்பலாமே என்றேன், அது மாமன் சேலையா மளிகைச் சாமானா என்று கோபித்துக்கொண்டார். வரச்சொல்லிக் கடிதம் எழுதுகிறேன் என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடுவதற்கு நான் யார், நானே போய்த்தான் அழைத்து வரவேண்டும் என்றார். அவன் ஒருவன் போனால் வழி தவறிவிடுவான் என்றார் அப்பா. ஆகவே இரண்டு பேரும் தீபாவளி கழிந்து புறப்படுகிறார்கள். பஸ்ஸில் ஜோலார்பேட்டை போய், அங்கே ரயில் ஏறி, சென்னையில் மாறி, அப்புறம் எங்கெங்கே மாற வேண்டுமோ பஷீர் பாய் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேழ்வரகு மாவும் புளியும் கொள்ளும் கொடுத்து அனுப்புகிறேன். கொள்ளு அந்த ஸ்டேஷன் காட்டில் விளைந்தது, நன்றாக வேகும்.

உனக்குக் கோபம் இருந்தால் காட்டு கண்ணு, மாமாவிடம் நேரில் காட்டு, அப்பாவிடமும் காட்டு, இருவரும் வாங்கிக்கொள்ளத்தான் வருகிறார்கள். ஆனால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதே. பூவம்மாளுக்காக என்று எழுதலாம், பேரிகைக்காரர்களுக்காக என்று எழுதலாம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அதுதான். இருவரையும் ஒரே அறையில் படுக்க வை, இரவெல்லாம் சண்டை போடுவார்கள், அதைக் கேட்டுப் பயப்படாதே, சத்தம் நின்றால் மட்டும் போய்ப் பார். குழந்தைக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக் கட்டு. அப்பா ஆலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏர்க்கொழு வார்ப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாம். மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிடு, அவர் என்ன செய்ய வேண்டுமோ யோசித்துக்கொள்ளட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், மஞ்சள் குங்குமத்தோடு, வாசல் நிறைந்த வீடாக நீடூழி இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். பூவம்மாள் உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள், குழந்தைக்கு முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே வந்து சேருகிற தேதியைத் தந்தியில் தெரிவிப்பார்கள். அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் நடுவில் நின்று தேடிக்கொண்டிருக்காதே, நேராகப் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நில். எத்தனை ரயில் மாறினாலும் அவர்கள் இரண்டு பேரும் கடைசிப் பெட்டியில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
வெ. ஜோதியம்மாள்